கிருபை டீச்சருக்கு ஒரு ஜெபக் குறிப்பு

சாத்தான்குளம் கிருபை டீச்சரை எனக்கு ஆஸ்பத்திரியில்தான் பழக்கம். எழுபத்து நாலாம் வருஷம் ஆறுமுகநேரி உப்பள வரப்பில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் மாவுக்கட்டோடு கிடந்தேன். அடுத்த கட்டில் அவளுக்கு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. அப்படியும் ஒரு நோய் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சாப்பிடப் பழகும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஊரில் அவளுக்குப் பெரிய பேர். டீச்சர் உபவாசம் இருந்து ஜெபிக்கிறாள் என்று கோவிலில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எலும்பும் தோலுமாக ஆன பிறகும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்தி என்றால் நம் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், எந்தச் சாமியானாலும் சரி.

இங்கே வந்தும் இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்தாள். எறும்பு சாரை சாரையாக என் கட்டில் வழியே ஊர்ந்தபோது குட்டு உடைந்தது. நான் சத்தம் போட்டேன். நர்ஸ் ஜெபகனி சிஸ்டர் போடவில்லை. உறையை மாற்றினாள். மறுவேளை தட்டை வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கட்டுத்துணி மடித்தாள்.

“நான் பாக்கல. நீ மெதுவாத் தின்னு.”

யாரும் பார்க்கவில்லை என்றதும் கிருபைக்கு வாய் திறந்தது. முதலில் அரை இட்லி, பிறகு கஞ்சியும் துவையலும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் மனசையும் திறந்துவிட்டாள். நிச்சயம் செய்திருந்த செல்வதுரை, டீச்சருக்கு ரெண்டு நாற்காலி போடணும் போல என்று நாலு பேர் முன்னால் சிரித்தானாம். அன்றிலிருந்து சோற்றைக் கண்டாலே பயம். தின்றதையும் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரம் கக்கியிருக்கிறாள். ஊர் உபவாசம் என்று நம்பியபோது பேசாமல் இருந்துவிட்டாள்.

“ஊருக்குத் தெரிஞ்சா பிள்ளைங்க முன்னாடி எப்படி நிப்பேன் சிஸ்டர்?”

“என் வாயிலருந்து வராது. கர்த்தர் சாட்சி.”

அதன்பிறகு அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கே பசித்தது. கன்னத்தில் சதை வைத்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது போய்விடலாம் என்றார் டாக்டரம்மா.

ஒரு ஞாயிறு மத்தியானம் வார்டுக்கு ஜெபக் குழு வந்தது. எஸ்றா உபதேசியாரும் கூடவே பெண்களும். அதில் இரண்டு பேர் சாத்தான்குளத்துக்காரிகள். கட்டில் கட்டிலாக ஜெபித்துக் கிருபையிடம் வந்தார்கள். உபதேசியார் அவள் தலையில் கைவைத்து ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, உபவாசம் என்று ஊரை நம்பவைத்து, தின்றதைப் பள்ளிக்கூடச் சுவரோரம் கக்கிய இந்த மகளை மன்னியும். ஒரு வாலிபனின் பரிகாசத்துக்குப் பயந்து சரீரத்தை வாட்டியவளைத் தொட்டுச் சுகப்படுத்தும்.”

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் கும்பிடுவது வேறு சாமி, அதனால் திறந்திருந்தேன். கிருபையும் திறந்திருந்தாள். அவள் பார்த்தது உபதேசியாரை அல்ல, வாசலோரம் தலைகுனிந்து நின்ற ஜெபகனியை. ஆமென் சொன்னதில் ஜெபகனியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. மாவுக்கட்டோடு எழுந்துபோய் ஓர் அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சாத்தான்குளத்துக்காரிகள் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினார்கள்.

“நீங்க சொன்னீங்களா சிஸ்டர்?”

“ஜெபக் குறிப்பாத்தாம்மா குடுத்தேன். நாலு பேர் சேந்து மனபாரத்தோட ஜெபிச்சா சீக்கிரம் சுகம் கிடைக்கும்லா.”

“நான் உங்ககிட்டத்தான சொன்னேன்.”

ஜெபகனிக்குத் தன் தப்பு புரியவே இல்லை, அதுதான் கொடுமை. சாமியிடம் சொல்வது ஊரிடம் சொல்வதாகாது என்று மெய்யாகவே நினைத்திருந்தாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பவன்கூடக் கத்தியைத் தெரிந்துதான் எடுப்பான்.

சாயங்காலம் தட்டு வந்தது. ஜெபகனி வழக்கம்போல முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். கிருபை தட்டைத் தொடவில்லை. போச்சு, பட்ட பாடெல்லாம் வீண், இனி பழையபடி தலையணைக்குள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்தப் பக்கம் திரும்புங்க சிஸ்டர்,” என்றாள் கிருபை.

திரும்பினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிருபை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. தட்டு காலியானது.

“இதையும் ஜெபத்துல சொல்லிருங்க,” என்றாள் கடைசியில்.

செல்வதுரை வீட்டுக்கு, கல்யாணம் வேண்டாம் என்று அங்கிருந்தே சொல்லியனுப்பினாள். மே கடைசியில் ஊருக்குப் புறப்பட்டபோது ஜெபகனி புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

“என்னைய மன்னிச்சிட்டியாம்மா?”

“சோறு இறங்குது சிஸ்டர். மன்னிப்புதான் வரமாட்டேங்கு.”

பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.