காப்புக் கட்டிய கையோடு விமானம் ஏறினேன்

முருகனை நம்பியவர்களே, என் கதையைக் கேளுங்கள்.

வலது அக்குளில் கட்டி வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல் ஏறும் துறையில், டிக்கெட் கவுண்டரில் வேலை. கையை நீட்டும்போதெல்லாம் உரசி வலிக்கும். சூட்டுக் கட்டி என்று சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டேன். ஆறு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை தந்தார்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனது.

அழுதேன் என்றால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. கோயிலில் நின்று சண்டை போட்டேன். "இருபது வருஷமா உனக்குப் பால்குடம் எடுக்குறேன். இது என்னன்னு சொல்ற ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா உன் வாசலை மிதிக்க மாட்டேன்!"

மாசிக் கடைசியில் புதிதாக வந்த டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்து, இந்தியில் ஒரே கேள்வி கேட்டார்: பிள்ளை பெற்றபோது இந்த இடமும் வீங்கியதா?

ஆமாம், வீங்கியது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மார்புத் திசு கொஞ்சம் அக்குளிலும் இருக்குமாம். மார்பில் வரும் புற்றுநோய் அபூர்வமாக அங்கேயும் வருமாம். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

பங்குனி உத்திரத்துக்குக் காப்புக் கட்டிய மறுநாள் முடிவு வந்தது. புற்றுநோய். உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்.

"காப்புக் கட்டிட்டு எல்லை தாண்டலாமா? உத்திரம் முடியட்டும்மா. சாமி குத்தமாயிடும்" என்றார் நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு நாள் நானும் தயங்கினேன். வெட்கக்கேடு.

"அக்கா, நம்ம முருகனே கடல் தாண்டித்தானே இங்க வந்தாரு? அவருக்கு ஏது எல்லை? மெயின்லேண்டுக்கு என் கூடவே வரட்டும், சலோ!" என்று கிளம்பிவிட்டேன்.

சென்னையில் உடம்பு முழுக்க ஸ்கேன் செய்து, மார்பில் எதுவுமில்லை, நோய் அக்குளில்தான் தொடங்கியது என்று உறுதி செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் காப்பைக் கழற்றச் சொன்னார். "இனி உன் பொறுப்பு" என்று முருகனிடம் சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். கட்டியையும் நெறிகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, கதிர்வீச்சு. முடி கொட்டியபோது, "பழனிக்கு மொட்டை போட்டதா நெனச்சுக்கோ" என்றார் என் கணவர். சிரித்துக்கொண்டே அழுதேன்.

இரண்டு வருடமாக நோய் திரும்பவில்லை. கேட்ட ஆளைக் காட்டினான் என் முருகன். வலது கைக்குப் பளு ஆகாது, அதனால் இந்தப் பங்குனியில் பால்குடம் எடுக்கவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தேன். யார் என்ன சொல்லிவிடுவார்கள்?

சகோதரிகளே, அவனை நம்புங்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், தாங்கிக்கொள்வான். ஆனால் அவனிடம் மட்டும் சொல்லிவிட்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள்.