மச்சாளின் இரண்டாவது விருப்பம்

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு வாக்குத்தான் இருந்தது. அதுவும் நாங்கள் வேலை செய்து பிழைக்கும் பலெர்மோவில் இல்லை, ஊரில், மன்னாரில் இருந்தது. என் கணவரின் அக்காவுடைய வாக்கு. எனக்கு இங்கே தங்கி வேலை செய்ய அனுமதி, பெர்மெஸ்ஸோ, இருக்கிறது, வரி கட்டுகிறேன், வாக்கு இல்லை. ஊரில் வாக்குப் போடுவதென்றால் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு யார் லீவு தருவார்கள்? ஆகவே மச்சாளின் வாக்கை வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் அந்தக் கோடை முழுவதும் சண்டை பிடித்தோம்.

ஊரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் தமிழ்ச் சனத்துக்காகவென்று ஒருவர் நின்றார். வெல்ல மாட்டார் என்பது அவருக்கே தெரியும். வெல்லக்கூடியவர்கள் எல்லோரும் தெற்கில் இருந்தார்கள். என் கணவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். கோடையில் அவர் வீட்டுக்கு வருவது காலை நீட்டிப் படுப்பதற்கு மட்டும்தான். ஆனால் அரசியல் என்றால் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும்.

"இஞ்சேரும், வெல்லுறதுக்கில்லை. நாங்களும் இருக்கிறம் எண்டு எண்ணிக் காட்டுறதுக்கு," என்பார்.

"எண்ணிக் காட்டி என்ன செய்யிறது? கதிரையிலை இருக்கிறவன்தானே காணியை விடுவான்," என்பேன் நான்.

காணி என்று நான் சொன்னது, மாமி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் விட்டுப்போன கடற்கரைக் காணி. போர்க்காலத்தில் கடற்படை அதைச் சுற்றிக் கம்பி அடித்தது. போர் முடிந்தும் கம்பி போகவில்லை. மச்சாள் டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். காணி கிடைத்தால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு நாங்களும் அங்கே போய் இருப்பது என்பது எங்கள் எண்ணம். எனக்கு வேறு எண்ணமே கிடையாது. லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான அம்மாவை, இங்கே சிஞ்ஞோரா என்பார்கள், கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து குளியலறைக்கும் தூக்குகிறேன். இந்த வேலை இன்னும் கன காலம் ஓடாது என்று என் முழங்கால் தினமும் சொல்கிறது. அதற்குப் பிறகு எங்கே போய் இருப்பது? என் கணவருக்கு அது அரசியல். எனக்கு அது படுக்க ஓர் இடம்.

சிஞ்ஞோராவும் ஒரு சின்னக் கட்சிக்காரிதான். ஆயுள் முழுவதும் அதற்கே போட்டு, ஆயுள் முழுவதும் தோற்றவர். இங்கே தேர்தல் வந்தால் மிலானில் இருக்கும் மகன் போன் எடுத்து, "வோத்தோ ஊதிலே, அம்மா, வோத்தோ ஊதிலே" என்று மன்றாடுவார். பிரயோசனமான வாக்கு என்று அர்த்தம். வெல்லாத ஆளுக்குப் போட்டு வீணாக்காதே என்பது அவருடைய கவலை. சிஞ்ஞோரா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவர் பேசி முடியும்வரை பிஸ்கட் சாப்பிடுவார். நான் மனதுக்குள் மகனின் பக்கம் நின்றேன். அந்த வார்த்தையை மன்னார்வரைக்கும் கொண்டுபோனதும் நான்தான்.

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. அன்றைக்கு நான் மச்சாளுடன் கதைப்பேன். "மச்சாள், பிரயோசனமான வாக்காய்ப் போடுங்கோ," என்பேன். "ஓம்" என்பார். ஞாயிறு பூசை முடிந்து என் கணவர் எடுப்பார். "அக்கா, எங்கட ஆளுக்குத்தான் போடவேணும்." அதற்கும் "ஓம் தம்பி". சளிக்கு என்ன குடிப்பது, கூரைக்கு என்ன தகரம் போடுவது என்று எல்லாவற்றையும் இங்கிருந்து சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். வாக்கையும் அப்படித்தான் சொன்னோம்.

கோயில் முற்றத்தில் ஒருவர் வழி சொல்லித் தந்தார். எங்கள் நாட்டு வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை எழுதலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், தோற்றவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எடுத்து எண்ணுவார்களாம். ஒன்று என் கணவரின் ஆளுக்கு, இரண்டு நான் சொல்கிற ஆளுக்கு. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது. ஒரு தாளில் பெரிதாகக் கீறி, போன் கமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"விளங்கிச்சோ மச்சாள்?"

"ஓம், விளங்கிச்சு."

அன்றைக்கு நாங்கள் வுச்சீரியா சந்தைப் பக்கம் நடந்துபோய், கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தின்றோம். அவர் என் பையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

தேர்தல் முடிந்த ஞாயிறு, ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை, இரண்டாவது விருப்பத்தை எண்ணுகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"மச்சாள், ரெண்டு போட்டனீங்கள்தானே?"

"இல்லை," என்றார் மச்சாள். "ஒண்டு மட்டும் போட்டனான். தம்பி சொன்ன ஆளுக்கு."

என் கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார். மச்சாளுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"நீ சிரியாதை. நீ சொன்னதுக்காகவும் போடேல்லை. அவர் வெல்லார் எண்டு தெரியும். வெல்லாத ஆள் என்னை ஏமாத்த ஏலாது, அதுதான்."

"ஒரு இலக்கம்தானே மச்சாள். எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முந்தி ஒரு முறை, ரெண்டிலை நல்லவனுக்குப் போடுங்கோ எண்டு நீங்கள் சொன்னீங்கள். போட்டனான். வெண்டவர். பிறகு காணியைப் பாக்கப் போனன். நேவிக் காம்ப் கேற்றுக்குப் புதுசாய் நீலப் பெயின்ற் அடிச்சிருந்தாங்கள். அதிலை நிண்டு யோசிச்சன், இதுக்கும் நான்தானே போட்டனான் எண்டு. திரும்ப அப்பிடி ஒருக்கால் நிக்க எனக்கு ஏலாது பிள்ளை."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை. அந்த ஒரு வாக்கில் ஒன்றும் மாறியிருக்காது, நான் சொன்ன ஆள் கடைசியில் தோற்றுத்தான் போனார். ஆனால் அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பிக்கு அப்பால் இருக்கும் காணியும் என் இரண்டு முழங்கால்களும்தான்.

"அப்ப காணி வராட்டி நாங்கள் எங்கை வந்து இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். ஊரில் இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

அதற்கு மச்சாள், "இஞ்சை ரெண்டு அறை இருக்கு. மற்றதிலை சாமான் கிடக்கு. எடுத்து வைக்கிறன்," என்றார்.

அதை நான் ஒரு சமாதான வார்த்தை என்றுதான் நினைத்தேன். அடுத்த வியாழன், சிஞ்ஞோராவின் கால்களைத் துடைத்து முடித்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் மச்சாள் அனுப்பிய ஒரு படம் வந்தது. கூட்டித் துடைத்த ஓர் அறை. சுவரோடு ஒரு கட்டில், மேலே மடித்து வைத்த இரண்டு போர்வைகள். ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை, அடுத்த வீட்டு மதில்தான் தெரிந்தது. பஸ் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. யாரும் வெல்லாமலே எனக்குக் கிடைத்த இடம் அது.