கணவாய்க்குப் போகும் கற்கள்

தராசு இருபத்து நான்கு கிலோ காட்டியது. நிகாசியோ எரிச்சலோடு மூட்டையை இறக்கினார். இருபதைத் தாண்டினால் மலைப்பாதைச் சாவடியின் அதிகாரி சுமைகாரரை வீட்டுக்குத் திருப்பிவிடுவார். பதினெட்டு வருடமாக மலையில் சுமக்கிறவருக்கு இந்த மாதம் கிடைத்த ஒரே நடை இது.

கூடாரத் துணிக்கு நடுவே கற்கள் கிடந்தன. புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்ட இன்கா இடிபாடுகளுக்கு நடக்க வந்த பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்களும் ஆளுக்கொன்று போட்டிருந்தார்கள்.

"வில்பெர், இவங்ககிட்ட என்னடா சொல்லித் தொலைச்ச?"

வழிகாட்டி தலையைச் சொறிந்தான். "கீழேருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய்க் கணவாயில வச்சா மனசு பாரம் இறங்கும்னு நம்ம வழக்கத்தைச் சொன்னேன் மாமா."

"யாரு சுமக்கணும்னு சொன்னியா?"

"அதையுமா சொல்லணும்?"

"சொல்லணும்டா! பன்னெண்டு பேர் பாரமும் என் முதுகுல. மலைச்சாமி நான்தான் பெரிய பாவின்னு நினைச்சுக்கும்!"

கற்களை எடுத்து அவரவர் கையில் திணித்துவிட்டு மறுபடி நிறுத்தார். பத்தொன்பதரை. அதிகாரி முத்திரை குத்தினார்.

மறுநாள் மழை. நிகாசியோ நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டி இறங்கிக் கூடாரம் அடித்தார். மற்றவர்கள் நான்கு மணிக்கு வந்தார்கள். ஏழு பேர் கல்லை வைத்ததாகவும், ஐந்து பேர் ஏற்றத்திலேயே எறிந்துவிட்டதாகவும் வில்பெர் சொன்னான். நிகாசியோ சூப்புக்கு உருளைக்கிழங்கு உரித்தார்.