எலும்பு மெல்லும் மாட்டுக்காக ஹந்தானையிலிருந்து கெலிஓயாவுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மாதச் சினையான என் பசு வெள்ளச்சி மலைச்சரிவில் புல்லை விட்டுவிட்டுப் பழைய எலும்பொன்றை மென்றுகொண்டு நின்றது. வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கினேன். முன்பு வைத்திருந்த செவலை, எலும்பு தொண்டையில் சிக்கித்தான் செத்தது. மறுநாளே தாது உப்புக் கட்டி வாங்கக் கிளம்பினேன். மாட்டை அவிழ்க்காதே என்று மருமகளிடம் மூன்று தரம் சொன்னேன். ஒரு தரம் சொன்னால் மறந்துவிடுவாள்.

ஹந்தானையில் 6.40க்கு பஸ், 60 ரூபாய். கண்டியில் 7.15. கெலிஓயா வழியாகப் போகும் கம்பளை பஸ் அசையவில்லை.

"தம்பி, எப்ப எடுப்பீங்க?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"நெறஞ்சதும் போவோம் அம்மா."

"அதுக்குள்ள என் மாடு கன்னு போட்டு, கன்னும் பஸ் ஏற வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகள் மாட்டை அவிழ்த்திருப்பாளோ?

கெலிஓயா பன்னிரண்டு கிலோமீற்றர், 80 ரூபாய், முக்கால் மணி நேரம். இரண்டு கடைகளில் கட்டி இல்லை. மூன்றாவது, எனக்குச் செவலையை விற்றவரின் தீவனக் கடை. அண்ணன் முறையில் அவரை நானா என்பேன். நோய் மாட்டைத் தலையில் கட்டினார் என்று ஊரெல்லாம் சொல்லி, இருபத்திரண்டு வருடம் அந்தப் படி மிதிக்காதவள் நான்.

"வாங்க தங்கச்சி. கோவம் தீந்துட்டா?"

"தீரல நானா. உப்புக் கட்டி இருக்கா?"

"ஈக்கி," என்று ஒரு கட்டியை எடுத்து வைத்தார். "மாட்டுக்கு என்ன?"

"எலும்பு மெல்லுது. கறியுப்பு குடுத்தும் கேக்கல."

"கறியுப்பு மட்டும் பத்தாது. உங்கட மலையில காஞ்ச மானாப்புல்லுத்தானே? அதுல இல்லாத சத்தத் தேடித்தான் எலும்பக் கடிக்குது. என்கிட்ட ஈக்கிற காலத்துல செவல எலும்பத் தொட்டதே இல்ல."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். செவலை வந்த நாள் கண்ணில் நின்றது: தோல் மினுங்கியது. முதல் எலும்பைக் கடித்தது இரண்டாம் வருடம், என் மலையில். நாளும் இடமும் எனக்கு மறக்கவில்லை. பழியைத்தான் தப்பான ஆள்மேல் போட்டிருந்தேன். 750 ரூபாயைக் கொடுத்து, கட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடு கட்டியபடியே நின்றது. அன்று மாலைவரை கட்டியை நக்கியது. இப்போது எலும்பு கிடந்தால் தாண்டிப் போகிறது. கன்று விழும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

போகிறவர்களுக்கு: 6.40க்கு முந்திய பஸ்ஸில் ஏறி ஏழு மணிக்குள் கண்டியில் இருங்கள், பஸ் நிறையும்வரை காத்திருக்கவேண்டி வரும். கட்டியை மழை படாமல், நாக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். காய்ந்த புல்லோடு பச்சைத் தழையும் கொடுங்கள். கட்டி இரண்டு மாதம் வரும். அது தீர்ந்ததும் அவரிடம்தான் நான் போகவேண்டும். சொல்லவேண்டியதை அதற்குள் சொல்லிப் பழகுகிறேன், இப்போதைக்கு மாட்டிடம்.