கிரிக்கெட் திடலில் ஒரு ஹாக்கி விசில்

பினாங்கு துறைமுகத்தில் கொள்கலன்களின் எண்களைச் சரிபார்ப்பது சுகுமாரனின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஹாக்கி நடுவர். இருபத்தேழு ஆண்டுகளாக ஜார்ஜ்டவுனின் பள்ளித் திடல்களில் விசில் ஊதி வருகிறார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்பையும் வாங்கி, மாறிய வரிகளைப் பென்சிலால் கோடிட்டுப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து சரியாக ஆறு மீட்டர் நாற்பது சென்டியில் இருக்கிறதா என்று தன் சொந்த நாடாவைக் கொண்டு அளப்பார். மூன்று சென்டி தள்ளியிருந்தாலும் அழித்துப் போடச் சொல்வார். இத்தனை ஆண்டுகளில் அவர் தீர்ப்பை எதிர்த்து எழுத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை.

பார்க்க வருகிறவர்கள் பதினைந்து, இருபது பேர். அதில் பாதி, ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அழைத்துப் போகக் காரோடு வந்தவர்கள். அது சுகுமாரனை உறுத்தியதே இல்லை, அஸ்லான் கிரிக்கெட் நடுவராகும் வரை.

அஸ்லான் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே வகுப்பு. பினாங்கு ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நடுவராகி ஆறே ஆண்டுகள்தான். அதற்குள் காட்மாண்டுவுக்கும் ஹாங்காங்குக்கும் விமானத்தில் அழைத்துப் போய்விட்டார்கள். சுகுமாரனை ஹாக்கி அழைத்துப் போன மிகத் தொலைவு குவாந்தான், அதுவும் பஸ்ஸில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வங்காளதேச இளைஞர்களும் தமிழ்நாட்டு இன்ஜினியர்களும் ஆடும் உள்ளூர் கிரிக்கெட் லீக் ஆட்டங்கள்கூட யூடியூப்பில் நேரலையாகப் போயின.

சனிக்கிழமை காலையில் இருவரும் ஒரே கடையில்தான் பசியாறுவார்கள்.

"போன வாரத்து ஆட்டத்த எத்தன பேரு பாத்தாங்க, சொல்லு?" என்பார் அஸ்லான்.

"நான் கேட்டேனா?"

"பதினோராயிரம் லா. டாக்காவுலேர்ந்து ஒருத்தன், அம்பயர் அங்கிள் சூப்பர்னு போட்டிருக்கான்."

"அவன்கிட்ட உன் கடை அட்ரஸக் குடு. கண்ணு டெஸ்ட் பண்ண வரட்டும்."

"ஃபுட்பாலுக்கு அடுத்து உலகத்துலயே கிரிக்கெட்தான், தெரியுமில்ல?"

"எந்த உலகம்? இந்தியாவ எடுத்துட்டு எண்ணிப் பாரு."

"ஏன் எடுக்கணும்? அவங்கல்லாம் ஆளு இல்லியா?"

சுகுமாரன் கடைசியாக ஒன்றைச் சொல்லி எழுந்துவிடுவார்: "ஒலிம்பிக்ஸ்ல ஹாக்கி இருக்கு. உன் ஆட்டம் எங்க?"

2023 அக்டோபரில் அதுவும் போனது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் செய்தியை அஸ்லான் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் வாட்ஸாப்பில் அனுப்பினார். சுகுமாரன் அன்று இரவு சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தார்.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க?" என்றார் மனைவி வடிவம்மாள். "நம்ம ஹாக்கி டீமே ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒலிம்பிக் போகலியே."

சுகுமாரனுக்கு அஸ்லான்மீது கோபம் இல்லை. பொறாமைதான் இருந்தது, அதை அவரே அறிந்திருந்தார். கிரிக்கெட்டின் பணத்தையோ பயணத்தையோ நினைத்து வந்த பொறாமை அல்ல அது. திடலுக்கு வெளியே இருக்கும் யாராவது, ஒரே ஒரு முறை, தன் வேலையைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு இவர் சரியான நடுவர் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

இந்த ஆண்டு மே மாதத்தில் அஸ்லானே அதற்கு வழி செய்தார். லீக் இறுதியாட்டத்தின் இரண்டாவது நடுவருக்கு டெங்கி. "மூணு வாரம் இருக்கு சுகு. நீ படிச்சா ஏறிடும். நிக்கிறியா?"

"லைவ் போகுமா?"

"போகாம?"

மூன்று வாரமும் சுகுமாரன் கிரிக்கெட் விதிகளைப் பென்சிலோடு படித்தார். ஆட்டத்தன்று காலையில் நாடாவோடு போய் ஆடுகளத்தை அளந்தார். ஒரு முனையில் மட்டையாளரின் கோடு இரண்டு விரல் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதை முதல் நாள் பார்த்துச் சரி என்று சொன்னவர் அஸ்லான். எல்லோர் முன்னாலும் கோட்டை அழித்துப் போட வைத்தபோது, கேமரா இன்னும் ஓடவில்லையே என்று மட்டும் சுகுமாரனுக்கு வருத்தமாக இருந்தது.

முப்பத்தொன்பது ஓவர்கள் அவரிடமிருந்து ஒரு பிசகும் இல்லை. கடைசி ஓவர். இன்ஜினியர்களுக்கு மூன்று பந்தில் இரண்டு ரன் தேவை. பந்துவீசும் முனையில் சுகுமாரன் நின்றார். தாழ்ந்து வந்த பந்து மட்டையாளரின் பூட்ஸில் பட்டுத் தெறித்தது.

ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தவறு. விசில் ஊத வேண்டும்.

விசில் சத்தம் கேட்டது. ஊதியது தான்தான் என்பது சுகுமாரனுக்கு அதற்கடுத்த நொடியில்தான் தெரிந்தது. வழக்கம்போல அது மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஓட ஆரம்பித்த இருவரும் நடுவழியில் நின்றுவிட்டார்கள். விக்கெட் கீப்பர் பந்தை எடுத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டுக் கத்தினார்.

"அவுட் லா, அங்கிள்!"

"சார், விசில் எதுக்கு சார்?" என்று மட்டையாளர் அலறினார். "நோ பாலா, என்ன சார்?"

இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். சுகுமாரன் நிமிர்ந்து நின்று சொன்னார்: "என் தப்பு. கால்ல பட்டுச்சு, ஊதிட்டேன். நான் ஹாக்கிக்காரன்."

இரண்டு அணியும் சேர்ந்து சிரித்தன. அஸ்லான் மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாக நடந்து வந்து, அந்தப் பந்து செல்லாது, மறுபடி வீசட்டும் என்று இரண்டு தலைவர்களிடமும் பேசி முடித்தார். போகும்போது சுகுமாரனின் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் சுகுமாரனுக்கு இருந்தது.

முப்பத்தெட்டு வினாடிக் காணொளி ஒன்று மறுநாளே கிளம்பியது. ஒரே வாரத்தில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கொழும்பு, லாகூர், ஷார்ஜா, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தோ எல்லாம் எழுதினார்கள். பலர் அவருக்கு 'ஹாக்கி அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து மச்சினிச்சி போன் செய்தார். வடிவம்மாள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

"நேர்மையான மனுசன்னு ஒருத்தன் எழுதியிருக்கான், பாருங்க."

சுகுமாரனின் கண் வேறொரு வரியில் நின்றது: அந்த இன்னொரு நடுவர் எவ்வளவு நிதானம், யார் இவர்? அதற்கு ஆயிரத்துக்கு மேல் விருப்பக்குறிகள்.

"இருபத்தேழு வருசம் தப்பில்லாம ஊதினேன்," என்றார் அவர். "எவனும் திரும்பிப் பாக்கல. ஒரே ஒரு தப்பு, அதுவும் அவன் ஆட்டத்துல. நான் தப்பு பண்ணாக்கூட பேரு அவனுக்குத்தான் போவுது."

அடுத்த ஞாயிறு வழக்கமான ஹாக்கி ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு நான்கு இன்ஜினியர்கள் திடலோரம் வந்து நின்றார்கள். "ஹாக்கி அங்கிள்!" என்று ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். சுகுமாரன் கவனிக்காததுபோல் ஓடினார். ஆனால் கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் ஒரு தடுப்பாட்டக்காரர் மட்டையை மட்டையால் அடித்ததும் விசிலை வழக்கத்தைவிட நீளமாக ஊதினார். இரண்டு கைகளையும் கோலை நோக்கி நேராக நீட்டினார். பெனால்டி கார்னர். கேமராவுக்கு முகம் தெரியும்படி கொஞ்சம் திரும்பியும் கொண்டார்.

"டேய், இந்தியா மேட்ச் ஆரம்பிச்சிருச்சு, ஸ்கோர் பாரு," என்றார் நால்வரில் ஒருவர். நான்கு தலைகளும் அந்தக் கைபேசிக்குள் குனிந்தன. குனிந்தபடியே வெளிவாசலுக்கு நடந்தன.

சுகுமாரன் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அணித்தலைவர் தனேஷ் அருகில் வந்தார்.

"அண்ணே, கையக் கீழ போடுங்க லா. கார்னர் எடுக்கணும்."