ரூபினி விற்ற வாசனை

ரூபினிக்கு மூக்கு போனது ஒரு காய்ச்சலில். காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. வேறு யாராவது என்றால் ரசத்தில் ருசியில்லை என்று புலம்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ரூபினிக்கு வேலையே பெங்களூரு மல்லேஸ்வரம் மாலில் சென்ட் விற்பதுதான்.

அவள் கவுண்டரில் அதிகம் போவது இளஞ்சிவப்பு பாட்டில் ஒன்று. எடுத்ததும் பேரிக்காயும் பீச் பழமும், கொஞ்சம் பொறுத்தால் மல்லி, துணியில் தங்குவது லேசான ஓர் இனிப்பு. கல்யாண வீட்டுக்கானது அல்ல. ஆபீசுக்கும் பஸ்ஸுக்கும் போட்டுக்கொண்டு போகிற வாசனை, லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரை மிரட்டாது. முதல் சம்பளத்தில் முதல் சென்ட் வாங்க வரும் பெண்கள் எதையெதையோ முகர்ந்துவிட்டு இதில்தான் வந்து நிற்பார்கள். மூக்கு இருந்த காலத்தில் அவள் அதை அப்படி மனசில் ஏற்றி வைத்திருந்தாள். அதனால் இல்லாத காலத்திலும் அவள் சொன்னதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

முடியாதது ஒன்றுதான். கடை திறந்ததும், வாங்க வருகிறவர்கள் போட்டுப் பார்க்கிற டெஸ்டர் பாட்டில்களைக் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்து பார்க்க வேண்டும். அலமாரி விளக்கின் சூட்டில் நின்று நின்று சில பாட்டில்கள் கெட்டுப்போகும். அதற்காகப் பக்கத்துக் கவுண்டர் மமதாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். மமதா சிரித்தாள். கன்னடம் கலந்த தமிழில்தான் அவள் பேசுவாள். "விடு கணே, உன் மூக்கையும் சேத்து நானே பாத்துக்கறேன்." அன்றிலிருந்து மமதா முகர்ந்து தலையாட்டினால்தான் ரூபினி பாட்டிலை வெளியே வைப்பாள்.

இருவரும் ஏஜென்சி ஆட்கள். நாளைக்கு வரவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க முடியாது. அப்படியிருக்கையில் கம்பெனி ஒரே ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. பார்த்துத் தேர்ந்தெடுக்க மும்பையிலிருந்து அதிதி என்ற டிரெய்னர் வந்தாள். பிரேசர் டவுன் வீட்டில் ரூபினியின் அம்மா முத்தம்மா, வேலை கிடைத்தே விட்டதுபோல் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்.

அதிதி வந்திருந்த நாள் காலையில் மமதா இளஞ்சிவப்பு பாட்டிலை முகர்ந்தாள். தலையாட்டினாள்.

லாப்டாப் பையோடு வந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டில், அதிதி பார்த்துக்கொண்டிருக்க, ரூபினி அதை அடித்தாள். பேரிக்காய் என்றாள், பீச் என்றாள், மழை விட்ட காலையில் மல்லிப் பந்தலுக்குக் கீழே நடப்பது மாதிரி என்றாள். அந்தப் பெண் மணிக்கட்டை முகர்ந்துவிட்டுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். புளித்த மாவு மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத் துடைக்கத் துணி தேடினாள்.

தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள் ரூபினி. அதிதி ஒரு காகிதப் பட்டையை எடுத்து நீட்டினாள். இது எது என்று கேட்டாள்.

ரூபினி கண்ணை மூடி நன்றாக இழுத்தாள். "பேரிக்காய் இருக்கு மேடம். பின்னாடி மல்லி."

அது எதுவுமே அடிக்காத வெறும் பட்டை.

ஃப்ளோர் மேனேஜர் சேஷகிரிதான் முதலில் சிரித்தார். "மூக்கில்லாம சென்ட் கவுண்டரா? நல்லா இருக்கும்மா கதை."

சாயந்திரம் லாக்கர் அறையில் ரூபினி மமதாவை மறித்துக் கேட்டாள். "கெட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரியும்ல?"

மமதா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இத்தன மாசமா உனக்காக மோந்தேன். ஒரே ஒரு நாள் எனக்காக மோந்தேன். தப்பா?"

 ரூபினி, அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த யோசனையும் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றது ஏஜென்சி. இப்போது ரூபினிக்கு ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை. போக வர பஸ் மாறி மாறியே பொழுது போய்விடுகிறது. அதே இளஞ்சிவப்பு பாட்டில் அட்டைப் பெட்டிகளில் வந்து குவிகிறது. ஏதாவது ஒரு பெட்டி விழுந்து உடைந்தால் மற்ற பெண்கள் தலைவலி, குமட்டல் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள். சூப்பர்வைசர் துடைப்பத்தை ரூபினியிடம் நீட்டுவார். "நீதான்மா இதுக்கு லாயக்கு."

அவள் குந்தி உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளை அள்ளுவாள். சிந்தியது அவள் துணியில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் என்ன சென்ட் போட்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ரூபினி பேரைச் சொல்வதில்லை. எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொள்கிறாள்.