சாட்சி நேரம்

எங்கள் ஜெபவீட்டில் ஆராதனை முடியும்முன் சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வோம். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து மீன்காரம்மா ஒருவர் வருவார். அந்தக் குப்பத்தில் சபைக்கு வருகிறவர் அவர் மட்டும்தான். ஒடிசலான உடம்பு, கூடை சுமந்து உச்சியில் முடி தேய்ந்திருக்கும். கடைசியாக எழுந்து, "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

சுனாமிக்கு அடுத்த ஞாயிறு நான் எழுந்து, "அலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலோடு நின்றுவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். உட்கார்ந்த பிறகுதான் கதவோரம் அவரைப் பார்த்தேன். அவருடைய புருஷனையும் மகளையும் அலை கொண்டுபோயிருந்தது. அவரும் எழுந்தார். எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு சார்? உன் வாசல்ல நின்னுச்சு, சொன்ன. என் வூட்டாண்ட நிக்கல."

"அப்புறம் ஏம்மா எழுந்தீங்க?"

"நான் இன்னும் நின்னுகினுதான் கீறேன். அவரு பாக்கட்டும்."

பிறகும் பல வருடம், ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார், எழுந்தார், பேசாமல் உட்கார்ந்தார். ஆண்டவரை நம்பி நின்றாரா, அவரோடு வழக்காடி நின்றாரா, எனக்குத் தெரியவில்லை. நான்தான் அதன்பின் சாட்சி நேரத்தில் எழுந்ததில்லை.